உள்ளே கிடக்கிறது

நாலு வருஷத்துக்கு முன்னால் நண்பனின் சிறுகதை ஒன்றுக்கு விமர்சனம் எழுதினேன். கதை எளிமையானது. ஒரு கொத்தனார் இறந்துபோகிறார். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய மஞ்சள் பை தொங்கிக்கொண்டிருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை. கடைசியில் மகன் அதை இறக்கிப் பார்க்கிறான், அவ்வளவுதான். அந்தப் பை நடுத்தர வாழ்வின் வெறுமைக்கான குறியீடு என்று நான் எழுதினேன். அதிலிருந்து எடுக்கப்படும் 'தூக்குக்குண்டு' சாவின் படிமம் என்றும் எழுதினேன். தூக்கு என்று வருகிறதே! நிறையப் பேர் பகிர்ந்தார்கள். அன்று ராத்திரி நண்பன் போன் செய்தான். "பை காலியா இருக்குன்னு கதைல எங்கடா எழுதியிருக்கேன்? உள்ள ஒன்பது சாமான் இருக்கு. எண்ணிப் பாத்தியா?" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது எங்கப்பா பைடா" என்றான்.

இந்தக் கட்டுரை அந்தக் கதையைப் பற்றியது இல்லை. அதைவிட மூவாயிரத்துச் சொச்சம் வருஷம் பழைய இன்னொரு கதையைப் பற்றியது. அதிலும் ஒரு பை தொங்குகிறது. அதிலும் உள்ளே சாமான்கள் இருக்கின்றன. அதை வாசித்தவர்களும் ரொம்ப காலம் அது பை என்று நினைக்கவில்லை. அவர்கள் என்னைப் போல அவசரக்காரர்கள் இல்லை, பெரிய அறிஞர்கள். அதனால்தான் அவர்கள் சறுக்கிய இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

*

முதலில் கதை.

தெலிபினு என்று ஒரு கடவுள். பயிருக்கும் விளைச்சலுக்கும் உரியவர், புயல்கடவுளின் மகன். ஒருநாள் அவருக்குக் கோபம் வருகிறது. எதனால் என்று நமக்குக் கிடைத்திருக்கும் களிமண் பலகையில் இல்லை, அந்த இடம் உடைந்திருக்கிறது. கோபத்தில் வலதுகால் செருப்பை இடதுகாலிலும் இடதுகால் செருப்பை வலதுகாலிலும் மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விடுகிறார். எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனது இந்த ஒரு வரியால்தான். கோபத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும் எவனும் செருப்பைச் சரியாகப் போட்டதில்லை.

அவர் போனதும் எல்லாம் நின்றுபோகிறது. ஜன்னல்களில் மூடுபனி, வீட்டுக்குள் புகை. அடுப்பில் கட்டைகள் மூச்சு முட்டுகின்றன. ஆடு தன் குட்டியை ஒதுக்குகிறது, பசு தன் கன்றை ஒதுக்குகிறது. மரங்கள் காய்கின்றன, ஊற்றுகள் வற்றுகின்றன. கடவுள்கள் விருந்து சாப்பிடுகிறார்கள், ஆனால் பசி அடங்குவதில்லை. கழுகை அனுப்பித் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் ஹன்னஹன்னா என்ற பெண்தெய்வம் ஒரு தேனீயை அனுப்புகிறாள். பெரிய கடவுள்களே தேடிக் கிடைக்காதவரை இத்துனூண்டு தேனீயா கண்டுபிடிக்கும் என்று புயல்கடவுள் கேட்கிறார். கண்டுபிடிக்கிறது. தூங்கிக்கொண்டிருக்கும் தெலிபினுவைக் கொட்டி எழுப்புகிறது. அவருக்குக் கோபம் இன்னும் கூடிவிடுகிறது!

அதன்பிறகு கம்ருசேபா என்ற மந்திரக்காரத் தெய்வம் சடங்கு செய்து கோபத்தை அவரிடமிருந்து இறக்குகிறாள். அந்தக் கோபம் கரிய நிலத்துக்கு அடியில் இருக்கும் வெண்கலத் தாழிகளுக்குள் போகிறது. தாழிகளுக்கு ஈய மூடி. உள்ளே போனது திரும்பி வெளியே வருவதில்லை. தெலிபினு வீடு திரும்புகிறார். ஜன்னலை விட்டுப் பனி விலகுகிறது, ஆடு குட்டியைச் சேர்த்துக்கொள்கிறது.

கடைசிக் காட்சியில் கடவுளுக்கு முன்னால் 'ஏயன்' என்ற ஒன்று நிற்கிறது. அதிலிருந்து ஓர் ஆட்டின் 'குர்சா' தொங்குகிறது. பிறகு ஒரு பட்டியல் வருகிறது. ஆட்டுக் கொழுப்பு, தானியம், திராட்சை மது, ஆடுமாடுகள், நீண்ட ஆயுள், பிள்ளைப்பேறு. பட்டியல் முடிந்ததும் பலகையும் உடைந்துவிடுகிறது.

குர்சா என்றால் என்ன? இந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரை.

*

ஹிட்டைட் மொழி அனத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கியில் பேசப்பட்டது. அதன் தலைநகரம் ஹத்துசா. துருக்கியின் சோரும் மாகாணத்தில் போகஸ்காலே என்ற சின்ன ஊரை ஒட்டி அதன் இடிபாடுகள் இருக்கின்றன. கி.மு. 1200ஐ ஒட்டி அந்தப் பேரரசு சரிந்ததும் மொழியும் மறந்துபோனது. 1906இல் ஹூகோ விங்க்லர் தலைமையில் தோண்ட ஆரம்பித்தபோது பலகைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. எழுத்து ஆப்பெழுத்து, அதை ஏற்கெனவே படிக்கத் தெரியும். ஆனால் மொழி தெரியாது. ஒலியைக் கூட்டி வாசிக்கலாம், பொருள் புரியாது.

1915இல் செக் நாட்டு அறிஞர் பெட்ரிச் ஹ்ரோஸ்னி அதை உடைத்தார். 'ரொட்டி' என்பதற்கான சுமேரியக் குறி ஒரு வாக்கியத்தில் இருந்தது. ரொட்டி இருந்தால் பக்கத்தில் தின்பது இருக்கும். தின்பது இருந்தால் குடிப்பதும் இருக்கலாம். அங்கே 'வாதார்' என்று ஒரு சொல் நின்றது. ஆங்கிலத்தின் வாட்டர், ஜெர்மனின் வாசர். ஹிட்டைட் இந்தோ-ஐரோப்பிய மொழி என்று தெரிந்துபோனது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிப் புரியவைக்கக்கூடிய கண்டுபிடிப்பு.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள், காரணம் அது வெற்றிக்கதை. ஆனால் ஒரு மொழி உடைந்த அடுத்த நிமிஷம் அதன் எல்லாச் சொற்களும் புரிந்துவிடுவதில்லை. வாதார் மாதிரிப் பக்கத்து மொழியில் சொந்தக்காரர்கள் இருக்கும் சொற்கள் சீக்கிரம் பிடிபடும். அப்படி யாரும் இல்லாத சொற்கள் பலகைகளில் நிறைய உண்டு. சடங்குச் சாமான்கள், செடிகள், துணிகள், பாத்திரங்கள். குர்சா அந்த வகை.

அதற்கு இருந்த ஒரே துப்பு அதன் முன்னால் வரும் 'குஷ்' என்ற சுமேரியக் குறி. தோல் என்று பொருள். வாசிக்கும்போது அதை உச்சரிப்பதில்லை, அடுத்து வருவது எந்த வகைப் பொருள் என்று சொல்வதற்காக மட்டும் போடுவது. நாங்கள் கோடில் மாறிக்குப் பக்கத்தில் டைப் எழுதுவது மாதிரி. டைப் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் பாதிதான். தோலால் ஆனது என்று தெரியும். தோலால் என்ன செய்தது?

சிலர் கேடயம் என்றார்கள். குர்சாவுக்கென்றே ஒரு காவல் தெய்வம் இருந்தது. காவல், தோல் இரண்டையும் கூட்டினால் கேடயம் வரத்தானே செய்யும்? இன்னும் சிலர் ரோமத்தோடு உரித்த ஆட்டுத்தோல் என்றார்கள். தெலிபினு கதையில் அது ஆட்டினுடையது என்று பலகையே சொல்வதால் இந்தப் பொருள் அங்கே அழகாகப் பொருந்தியது. 1950இல் வெளிவந்த, பண்டை மேற்காசியப் பிரதிகளின் புகழ்பெற்ற ஆங்கிலத் தொகுப்பில் ஆல்பிரெக்ட் கெட்ஸ செய்த மொழிபெயர்ப்பிலும் அது ஆட்டுத்தோல்தான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தோல் தொங்குகிறது என்று மொழிபெயர்த்தாயிற்று. அடுத்து வரும் பட்டியலை என்ன செய்வது? மூலத்தில் ஒவ்வொரு பொருளோடும் திரும்பத் திரும்ப வருவது இரண்டு சொற்கள். 'அந்தா' என்றால் உள்ளே. 'கிட்டா' என்றால் கிடக்கிறது. உள்ளே ஆட்டுக் கொழுப்பு கிடக்கிறது, உள்ளே தானியமும் மதுவும் கிடக்கின்றன, உள்ளே ஆடுமாடு கிடக்கிறது. ஆனால் விரித்துத் தொங்கவிட்ட தோலுக்கு உள்ளே என்று ஒன்று ஏது? கெட்ஸவின் ஆங்கிலத்தில் கிடக்கிறது போய் 'குறிக்கிறது' வந்துவிட்டது. அந்தத் தோல் கொழுப்பைக் குறிக்கிறது, தானியத்தைக் குறிக்கிறது, நீண்ட ஆயுளைக் குறிக்கிறது.

அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் விளைவு கண்முன்னால் இருக்கிறது. ஒரு பெயர்ச்சொல்லின் பொருள் பிசகிப்போக, அதைக் காப்பாற்ற ஒரு வினைச்சொல் தன் பொருளை விட்டுக்கொடுத்திருக்கிறது. அதுவும் எப்படிப்பட்ட வினைச்சொல்! கிட்டாவில் சந்தேகமே இல்லை. கிரேக்கத்தின் 'கெய்தாய்', சமஸ்கிருதத்தின் 'சேதே' எல்லாம் அதன் உடன்பிறப்புகள். படுத்திருப்பது, கிடப்பது. தெரியாத சொல்லுக்காகத் தெரிந்த சொல்லை வளைத்தாயிற்று.

*

இதை வாசித்தபோது எனக்கு என் முதல் வேலை ஞாபகம் வந்தது. சம்பளக் கணக்கு மென்பொருள். யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன டேட்டாபேஸ். அதில் 'ரெல் டேட்' என்று ஒரு காலம். ரிலீஸ் டேட், அதாவது சம்பளம் வெளியிடும் தேதி என்று நான் எடுத்துக்கொண்டேன். பெரும்பாலான வரிசைகளில் அது காலியாக இருந்தது. 'பழைய டேட்டா, ஒழுங்காக நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள்' என்று முடிவு கட்டி, காலி இடங்களை நிரப்ப ஒரு ஸ்கிரிப்டே எழுதினேன். அது ரிலீவிங் டேட். வேலையை விட்டுப் போனவர்களுக்கு மட்டும் இருக்கும் தேதி. காலியாக இருந்தவர்கள் எல்லாம் இன்னும் வேலையில் இருப்பவர்கள். டெஸ்ட் சர்வரில் ஒரே ராத்திரியில் மொத்தக் கம்பெனியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நல்லவேளை, டெஸ்ட் சர்வர்.

என் தப்பு அந்தச் சொல்லைத் தப்பாகப் படித்ததில் இல்லை. அது யாருக்கும் நடக்கும். நான் படித்த அர்த்தத்துக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஆயிரக்கணக்கான காலி வரிசைகளை 'அழுக்கு டேட்டா' என்று ஒதுக்கினேனே, அதுதான் தப்பு. பொருந்தாத இடம்தான் பிரதி நம்மிடம் பேசும் இடம். நாம் அங்கேதான் அதன் வாயைப் பொத்துகிறோம்.

*

ஆட்டுத்தோல் என்ற அர்த்தம் அவ்வளவு காலம் நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டென்று நினைக்கிறேன். ஆசை.

தங்க ஆட்டுத்தோல் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜேசனும் அவன் கூட்டாளிகளும் ஆர்கோ என்ற கப்பலில் கருங்கடலின் கிழக்குக் கரைக்கு, இன்றைய ஜார்ஜியாவில் இருக்கும் கோல்கிஸுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு தோப்பில் மரத்தில் தங்க ஆட்டுத்தோல் தொங்குகிறது. கிரேக்கத்துக்கும் கோல்கிஸுக்கும் நடுவில் கப்பல் கடந்துபோகும் தென்கரை முழுக்க அனத்தோலியா. அங்கேயோ, கிரேக்கர்கள் இதை எழுதிவைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மரத்தில் ஓர் ஆட்டுத்தோல் தொங்கிக்கொண்டிருக்கிறது. உடம்பு சிலிர்க்கும், இல்லையா? 1975இல் ஃபோல்கெர்ட் ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் இந்தத் தொடர்பை வைத்து ஒரு கட்டுரையே எழுதினார். நானும் முதலில் இதைப் படித்துவிட்டுத்தான் ஹிட்டைட் பக்கம் வந்தேன். பார்க்கிற நண்பர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சொல்லுக்கு நாம் கொடுக்கும் அர்த்தம் இன்னொரு பெரிய கதையின் கதவைத் திறக்கும்போது, அந்த அர்த்தத்தை மறுபடி சரிபார்க்கக் கை வராது. பூட்டு திறந்துவிட்டது, சாவி சரியாகத்தானே இருக்கவேண்டும்? ஆனால் சில பூட்டுகள் எந்தக் கம்பியை விட்டு ஆட்டினாலும் திறக்கும்.

*

1989இல் ஹான்ஸ் கூட்டர்போக் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. பெர்லினில் பிறந்தவர், முப்பதுகளின் தொடக்கத்தில் ஹத்துசா அகழாய்வில் பலகைகளைப் படித்தவர். அப்பா யூத வம்சாவளி என்பதால் நாஜி ஜெர்மனியில் வேலைக்கு வழி இல்லாமல், 1936இல் அங்காராவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் பேராசிரியராக இருந்தார். 1949இல் சிகாகோவுக்குப் போய், பிறகு ஹாரி ஹாஃப்னரோடு சேர்ந்து பெரிய ஹிட்டைட் அகராதித் திட்டத்தைத் தொடங்கினார். வாழ்க்கை முழுக்க இந்தப் பலகைகளோடு இருந்தவர். அவர் சொன்னது ரொம்பச் சின்ன விஷயம். குர்சா ஒரு பை. வேட்டைக்காரனின் தோல்பை.

சாட்சிகள் இரண்டு. ஒன்று பிரதிக்குள்ளேயே இருந்தது: அந்தா, கிட்டா. உள்ளே கிடக்கிறது என்று எழுதியிருந்தால் உள்ளே கிடக்கிறது என்றுதான் பொருள், ஆகவே அது உள்ளே என்ற ஒன்று இருக்கும் பொருளாகத்தான் இருக்கவேண்டும். இரண்டாவது சாட்சி நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலைமான் தலைவடிவில் ஒரு வெள்ளிக் கோப்பை, வெறும் 18 செ.மீ. உயரம். அதன் கழுத்தைச் சுற்றி ஒரு காட்சி பொறிக்கப்பட்டிருக்கிறது. கையில் வேட்டைப்பறவையோடு உட்கார்ந்திருக்கும் தெய்வம், கலைமான் மேல் நிற்கும் தெய்வம், காணிக்கையோடு வரும் மூன்று பேர். உட்கார்ந்திருக்கும் தெய்வத்துக்குப் பின்னால் ஒரு மரம். மரத்தடியில் வேட்டையாடிய மான். பக்கத்தில் இரண்டு ஈட்டிகள், ஓர் அம்பறாத்தூணி, ஒரு பை.

நான் அந்தப் படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். வேட்டைக்குப் போய்வந்தவன் வீட்டுக்குள் நுழைந்ததும் சாமான்களை மாட்டிவைத்த மாதிரி இருக்கிறது. புனிதப்பொருள் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஆனால் அது புனிதப்பொருள்தான். ஹத்துசாவில் குர்சாவுக்கென்று ஒரு வீடே இருந்தது. திருவிழாக்களில் அதைத் தெய்வமாகவே ஊர்ஊராக எடுத்துப்போனார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதைப் புதுப்பிக்கும் சடங்கு. தோல் நைந்துபோகும், ஆகவே சில வருஷங்களுக்கு ஒருமுறை புதுக் குர்சா செய்வார்கள். பழையதைத் தூக்கி எறிவதில்லை. வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அதற்கு வேறு பெயர், வேறு தெய்வமாகப் புதுவாழ்வு. நைந்த பைக்கும் ஒரு போக்கிடம் இருந்தது.

*

சரி, தோலோ பையோ, ஒரு வாசகனுக்கு இதில் என்ன வந்தது? ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமே?

விடமுடியாது என்பதுதான் என் வாதம். அர்த்தம் மாறினால் கதையின் கட்டுமானமே மாறுகிறது.

தோல் என்று வாசித்தால் கடைசிக் காட்சி ஓர் அலங்காரம். கதை முடிந்துவிட்டது, கடவுள் வந்துவிட்டார், வளமையின் சின்னமாக ஒரு கொடி ஏற்றியிருக்கிறார்கள். பை என்று வாசித்தால் திடீரென்று முந்தைய காட்சியோடு ஒரு கோடு இழுபடுகிறது. கதையில் இரண்டு கொள்கலன்கள். ஒன்று தாழி, இன்னொன்று பை. தாழி வெண்கலம், பை தோல். தாழி நிலத்துக்கு அடியில் இருட்டில், பை மரத்தில் கண்ணுக்கு முன்னால். தாழிக்கு ஈய மூடி, உள்ளே போனது வெளியே வராது. பையோ கையை விட்டு எடுப்பதற்காகவே தொங்குவது. கோபம் அதற்குள் போயிற்று, கொழுப்பும் தானியமும் ஆயுளும் இதற்குள் வந்தன. இந்தக் கதை கோபத்தை அழிக்கவில்லை, இடம் மாற்றி வைக்கிறது. அதேபோல வளமையையும் எங்கிருந்தோ வரவழைக்கவில்லை, ஒரு பையில் போட்டு வீட்டில் மாட்டுகிறது. உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பாத்திரம் உண்டு, எதை எதில் வைக்கவேண்டும் என்று தெரிந்தால் வீடு நடக்கும். இது குடும்பம் நடத்தியவர்களின் ஞானம். தோல் என்ற வாசிப்பில் இது முழுசாகக் காணாமல் போயிருந்தது.

இன்னொன்று. 'குறிக்கிறது' என்னும்போது பட்டியலில் இருக்கும் எல்லாம் ஒரே தளத்துக்குப் போய்விடுகிறது. கொழுப்பும் சின்னம், ஆயுளும் சின்னம். 'கிடக்கிறது' என்னும்போது ஒரு வினோதம் நடக்கிறது. பைக்குள் கொழுப்பு கிடக்கலாம், சரி. தானியம் கிடக்கலாம். ஆடுமாடு எப்படிக் கிடக்கும்? நீண்ட ஆயுள் எப்படிக் கிடக்கும்? ஆனால் அதே வினைச்சொல்தான். கொழுப்பு எவ்வளவு நிஜமாகக் கிடக்கிறதோ அவ்வளவு நிஜமாக ஆயுளும் அங்கே கிடக்கிறது. கையை விட்டால் தட்டுப்படும். சின்னமாக்கும் வாசிப்பு கொழுப்பையும் காற்றாக்கிவிடுகிறது. பிரதியோ காற்றைக்கூடக் கொழுப்பாக்குகிறது. எது கவிதை?

அதனால்தான் இந்தப் பட்டியல் தூரம் போயிருக்கலாம் என்று சில அறிஞர்கள் நினைக்கிறார்கள். இலியட்டின் ஐந்தாம் காண்டத்தில் அதீனா தோளில் மாட்டும் ஈஜிஸில், அதுவும் தோல் சம்பந்தப்பட்ட பொருள்தான், பகையும் வீரமும் துரத்தலும் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் வருகிறது. அங்கும் 'உள்ளே, உள்ளே' என்று அதே அடுக்கு. ஈஜிஸுக்கும் குர்சாவுக்கும் இருக்கும் உறவைப் பற்றிக் கால்வெர்ட் வாட்கின்ஸ் 2000இல் எழுதியிருக்கிறார். எபேசஸ் நகரின் ஆர்ட்டெமிஸ் சிலையின் மார்பில் கொத்தாகத் தொங்கும் உருண்டைகளை முலைகள், முட்டைகள், காளையின் விதைகள் என்றெல்லாம் சொல்லிவந்தார்கள். அவை குர்சாக்களாக இருக்கலாம் என்று சேரா மோரிஸ் வாதிட்டார். தங்க ஆட்டுத்தோல் தொடர்பும் செத்துப்போய்விடவில்லை. ஆனால் இனி அது ஒரு பையின் வழியாகத்தான் வரவேண்டும், சுற்றுவழி.

*

இதை எழுதும்போது எனக்கும் ஒரு சோதனை வந்தது. நீங்களும் கவனித்திருப்பீர்கள். கிட்டா என்றால் கிடக்கிறது. கிட்டா, கிட! ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. போதாததற்கு 'அந்தா'வும் காதுக்கு நம்ம 'அந்த' மாதிரியே இருக்கிறது. ஒரு நிமிஷம் எனக்கே வியர்த்துவிட்டது. போட்டோவும் தலைப்பும் வைத்து ஒரு பதிவு போட்டால் எத்தனை ஆயிரம் பேர் பகிர்வார்கள் என்று மனசு கணக்குப் போட்டது.

ஆனால் பொருந்தாத இடத்தைப் பார்க்கவேண்டும் அல்லவா? பார்த்தேன். 'அது கிடக்கிறது' என்பதற்குத்தான் கிட்டா. 'அவை கிடக்கின்றன' என்றால் 'கியந்தா'. டகரத்தைக் காணோம்! ஹிட்டைட்டில் வேர் வெறும் 'கி'. 'ட்டா' என்பது வினைக்கு ஒட்டும் விகுதி. தமிழில் டகரம் வேரிலேயே இருக்கிறது. கிடந்தான், கிடக்கிறது, கிடப்பாள், எங்கும் விட்டுப்போகாது. ஆகவே இது தற்செயல். இரண்டு மொழிகளின் ஆயிரக்கணக்கான சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படிச் சில விழத்தான் செய்யும். பதிவு போடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் 'பிர்சா' என்றால் உரித்த தோல். அது லத்தீனில் 'புர்சா' ஆகிப் பை என்ற பொருளுக்கு நகர்ந்தது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், நம் சட்டைப்பையில் இருக்கும் பர்ஸாக வந்து சேர்ந்தது. இதுவரை சந்தேகமில்லை. பிர்சாவும் குர்சாவும் உறவாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அது இன்னும் தீராத வழக்கு. முதல் எழுத்தே வேறு என்று ஒரு பக்கம், தோலும் பையும் இரண்டிலும் இருக்கிறதே என்று இன்னொரு பக்கம். நம்பத்தான் ஆசை. ஆசையாக இருப்பதாலேயே தள்ளி நிற்கிறேன்.

அதேபோல அந்தப் பட்டியலின் கடைசியில் வரும் 'சல்ஹித்தி', 'மன்னித்தி' என்ற சொற்கள். வளர்ச்சி, செழிப்பு என்று ஊகமாகத்தான் மொழிபெயர்க்கிறார்கள். பக்கத்தில் 'நிறைவாகச் சாப்பிடுவது' என்ற சொல் இருப்பதால் வந்த ஊகம். பையின் அடியில் இன்னும் இரண்டு சாமான்கள் என்னவென்று தெரியாமல் கிடக்கின்றன. அவை இருந்துவிட்டுப் போகட்டும். தெரியாததைத் தெரியாதது என்று உள்ளேயே விட்டுவைப்பதும் வாசிப்புதான்.

*

நண்பனின் கதையைப் போன வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தமுறை எண்ணினேன். மூக்குக்கண்ணாடி உறை, பிபி மாத்திரை அரை அட்டை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கணக்கு எழுதிய சிகரெட் அட்டை, கரண்டி, ரசமட்டம், வெற்றிலைச் சுருள், பேத்திக்கு வாங்கிய நாலு பாப்பின்ஸ் மிட்டாய். ஒன்பதாவது தூக்குக்குண்டு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எனக்கும் அன்று தெரியாது. தூக்குக்குண்டு என்பது நூலில் கட்டிய இரும்புக் குண்டு. கொத்தனார் அதைச் சுவர் ஓரமாகத் தொங்கவிட்டு, சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்ப்பார். அதற்கும் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுவர் சாயாமல் நிற்பதற்கான சாமான் அது. கதையின் கடைசி வரியில் மகன் அதை எடுத்து, அப்பா கட்டிய வீட்டின் சுவரோரம் பிடித்துப் பார்க்கிறான். நான் தூக்கு என்ற பாதிச் சொல்லோடு நின்றுவிட்டேன். அதற்குப் பொருந்தாத அந்தக் கடைசி வரியை, அது தெளிவாக இல்லை என்று விமர்சனத்தில் குறையாக வேறு எழுதியிருந்தேன்.

நாம் குறியீடுகளைத் தேடிப் பழகிவிட்டோம். பட்டறைகளில் அதைத்தான் பேசுகிறோம், பின்னட்டைகளில் அதைத்தான் எழுதுகிறோம். குறியீடு கூடாது என்று சொல்லமாட்டேன். தெலிபினுவின் பையே கடைசியில் ஒரு பேரரசின் நலத்தைச் சுமக்கும் பைதான். ஆனால் அது முதலில் பை. சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துப் பார்த்தபிறகுதான் அது வேறு எதையாவது சுமக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை வருகிறது.

நண்பனுக்குப் போன் செய்தேன். ஒன்பது சாமானையும் வரிசையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தான்.

"சுவர் நேரா இருந்துச்சாடா?" என்று கேட்டேன்.

"கதைல அதை எழுதலையே" என்றான். பிறகு அவனே, "அரை இஞ்ச் சாஞ்சிருந்துச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல" என்றான்.